பெட்டிக்கும் புள்ளி உண்டு

இனிமேல் பெண்சாதியிடம் ஒரு சதமும் கேட்பதில்லை என்று கனிசியஸ் தீர்மானம் எடுத்தார். அப்போது அவருக்கு முன்னால் அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டைச்சம்பலும் இருந்தன. தீர்மானத்தை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. கொழும்புத்துறையில் வாய்விட்டுத் தீர்மானம் எடுக்கிற ஆம்பிளைகளும் இருக்கிறார்கள்தான். அவர்களுடைய பெண்சாதிமார் வெளிநாட்டில் இருக்கிறார்கள்.

அவர் கேட்டது பெரிய காரியமில்லை. பலாலியிலிருந்து சென்னைக்கு ஒரு விமான ரிக்கெற். அங்கிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் போய்விடலாம். திருச்சியில் அவருடைய அண்ணை கிறிஸ்ரோபர் இருக்கிறார். சண்டைக் காலத்தில் ஒரு விடியப்புறம் வள்ளமேறி அக்கரைக்குப் போனவர். அந்த வள்ளம் பெண்சாதி பெர்னடெட்டின் சீதனத்தில் வாங்கியது. எஞ்சினும் அப்படியே. அண்ணையும் திரும்பி வரவில்லை, வள்ளமும் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து புனிதர்களின் மன்றாட்டு மாலையில் கிறிஸ்ரோபர் என்ற பெயர் வரும்போது மட்டும், பெர்னடெட் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்வதில்லை.

"இஞ்சரும், அண்ணைக்கு இப்ப கண்ணும் மட்டாம்," என்று தொடங்கினார் கனிசியஸ்.

"என்ரை வள்ளத்தைக் கொண்டு போகேக்கை நல்லாத் தெரிஞ்சதுதானே."

"வயசு போன மனுசன், பெர்னா."

"வள்ளத்துக்கும்தான் வயசு போயிருக்கும். அதை ஆர் போய்ப் பாக்கிறது?"

"ஒருக்காப் போய் முகத்தைப் பாத்திட்டு வந்தால்..."

"பாத்து? ரண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுவியள். அழுகிறதுக்குப் பிளேன் ஏற வேணுமே? உதிலை கிணத்தடியிலை இருந்து அழுங்கோ. தண்ணியும் கிட்ட."

கனிசியஸ் ஐஸ் பக்டரியில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். பக்டரி பூட்டப்பட்டபோது அவர் கையில் களஞ்சியச் சாவிகளின் திறப்புக்கோர்வை மட்டும் மிஞ்சியது. பெர்னடெட் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். அந்த வீட்டில் ஓய்வூதியம் அவளுக்கு, ஓய்வு அவருக்கு.

அண்ணையோடு கதைப்பதற்கு அவர் பூட்டிக் கிடந்த ஐஸ் பக்டரிக்குப் பின்னால், கடற்கரைக்குப் போவார். கடைசியாகக் கதைத்தபோது அண்ணையின் குரல் ஈரச்சாக்கு மாதிரி இருந்தது.

"தம்பி, ஆக்கள் எல்லாம் நிழல் மாதிரித்தான் தெரியினம். நீ கெதியா வந்தால் மூக்கையெண்டாலும் கண்டுபிடிச்சிடுவன்."

"என்ரை மூக்கு அவ்வளவு பெரிசில்லை, அண்ணை."

"எங்கடை அப்பற்றை மூக்கடா அது. கண் முழுக்கப் போனாலும் தெரியும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அழைப்பு அறுந்த பிறகு கனிசியஸ் நெடுநேரம் சேற்றுக் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

அந்த நேரத்தில்தான் அவருக்குக் கடனட்டை ஞாபகம் வந்தது. போன பிறந்தநாளுக்குப் பெர்னடெட் கொடுத்தது. "வங்கியிலை தந்தவை, வைச்சிருங்கோ" என்றாள். அதை அவர் செபப்புத்தகத்தில் பக்க அடையாளமாக வைத்திருந்தார். அட்டையால் வாங்கினால் புள்ளி சேருமாம், புள்ளி சேர்ந்தால் பறக்கலாமாம் என்று பத்திரிகையில் அரைப்பக்க விளம்பரம் வந்திருந்தது. கைத்தொலைபேசி வொலற் மூலம் கட்டினால் புள்ளி இரட்டிப்பு. கனிசியஸ் அந்த வொலற் செயலியைப் போனில் இறக்கினார். அட்டையிலிருந்து அதற்குள் காசை ஏற்றினார். மறுநாள் இறக்கினார். திரும்பவும் ஏற்றினார். ஒரு கிழமை ஏற்றி இறக்கியும் ஒரு புள்ளியும் வரவில்லை. வங்கிக்கு அழைத்தார்.

"ஐயா, வொலற்றுக்குக் காசு ஏத்தினால் பொயின்ற்ஸ் வராது," என்றாள் மறுமுனையில் ஒரு பிள்ளை.

"ஏன் பிள்ளை, ஏத்தினதும் காசுதானே?"

"அது ஒரு பொக்கற்றிலை இருந்து மற்றப் பொக்கற்றுக்குப் போட்டது மாதிரி, ஐயா. காட்டை வொலற்றோடை இணைச்சிட்டு, கடையிலை இருக்கிற கியூ.ஆரை ஸ்கான் பண்ணிச் சாமான் வாங்க வேணும். அப்பதான் பொயின்ற்ஸ்."

"வாங்கினால் பிளேன் ரிக்கெற் தருவியளோ?"

"காணுமான பொயின்ற்ஸ் இருந்தால் தருவம். காட் உங்கடை பேரிலைதானே, ஐயா?"

கனிசியஸ் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை. வெள்ளி எழுத்திலை கிடக்கு."

அட்டை இணைந்தது. இனி வாங்க வேண்டும். கனிசியஸ் என்ன வாங்குவார்? வெற்றிலை வாங்குவார். மீன் சந்தையில் போனை நீட்டினார். "உதை மீனுக்குக் கிட்டக் கொண்டு வராதேங்கோ, பேந்து வீட்டிலை போனைத்தான் பூனை தூக்கும்" என்றாள் மீன்காரி. சந்திக் கடையில் கியூ.ஆர். சதுரம் இருந்தது. அதன் மேல் கடைக்காரர் வாழைக்குலையைத் தொங்கவிட்டிருந்தார். வெற்றிலைக்கு விழுகிற புள்ளியை வைத்துக் கணக்குப் பார்த்தால், உலகம் முடிகிற பொதுத்தீர்வை நாளுக்கு முதல் நாள் சென்னையில் இறங்கலாம் போல் இருந்தது.

அப்போது பக்கத்து ஒழுங்கையில் வள்ளங்கள் வைத்துத் தொழில் நடத்திய ஒரு பழைய சம்மாட்டி செத்துப்போனார்.

கோயில் மணி விட்டு விட்டு அடித்தது. அந்த ஊரில் துக்கமணி கேட்டால் எல்லோரும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு "ஆராம்?" என்று கேட்பார்கள். கனிசியஸும் கேட்டார். பிறகு செத்தவரின் மகனோடு சவப்பெட்டி எடுக்க மலர்ச்சாலைக்குப் போனார். அது வாகீசனுடையது. பளபளக்கிற பெட்டிகள் சுவரோடு சாய்ந்து நின்றன. மேசையில் எல்லாச் சமயத்துப் படங்களும் இருந்தன. படங்களுக்கு நடுவில் ஒரு கியூ.ஆர். பலகை. அதன் கீழே இப்படி எழுதியிருந்தது: "ஸ்கான் செய்து செலுத்துங்கள். நன்றி, மீண்டும் வருக."

கனிசியஸின் கண் அதில் குத்திட்டது. மகனுடைய கையில் நோர்வேயிலிருந்து தமக்கை அனுப்பிய காசு கட்டாக இருந்தது.

"தம்பி, காசை என்னட்டைத் தாரும். நான் போனிலை கட்டிவிடுறன்."

"ஏன் அண்ணை?"

"இந்த நேரத்திலை நீர் காசு எண்ணக் கூடாது."

எங்கிருந்து அந்த வசனம் வந்தது என்று அவருக்கே தெரியாது. மகன் அவருடைய தோளில் சாய்ந்து அழுதான். அழுகிறவனை ஒரு கையால் தட்டிக்கொடுத்தபடி மறுகையால் கனிசியஸ் ஸ்கான் பண்ணினார். போன் "ரிங்" என்றது. வாழ்க்கையில் அவர் கேட்ட இனிய சத்தங்களில் அதுவும் ஒன்று.

காசை அன்றைக்கே வங்கி வாசலில் இருந்த இயந்திரத்தில் அட்டைக் கணக்குக்குப் போட்டுவிட்டார். உள்ளே போகவில்லை. உள்ளே காசாளராக இருந்த சிவகௌரி பெர்னடெட்டிடம் படித்தவள்.

அதற்குப் பிறகு கனிசியஸ் ஒரு செத்தவீட்டையும் விடவில்லை. பெட்டி, பந்தல், கதிரை, பாண்ட் வாத்தியம், கண்ணீர் அஞ்சலித் துண்டு, வந்தவர்களுக்குச் சோடா, எல்லாம் அவர் போனால் கட்டினார். ஆக்கள் காசாகத் தந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஸ்கான் பண்ணினார். துக்கத்தில் மூடுகிறார் என்று ஊர் நினைத்தது. இது பாவமோ என்று அவரும் யோசித்துப் பார்த்தார். அவர் ஒருத்தரையும் சாகச் சொல்லவில்லை. செத்த பிறகுதான் ஓடினார். அதில் பிழை தெரியவில்லை. ஆனால் துக்கமணி கேட்டதும் சிலுவை போடுவதற்கு முதல் கை சார்ஜரைத் தேடியது. அது மட்டும் கொஞ்சம் உறுத்தியது.

அதிசயம் என்னவென்றால் பெர்னடெட் ஒன்றும் சொல்லவில்லை. கலியாண வீட்டுக்குப் போனாலே "எப்ப வருவியள்?" என்று மூன்று தரம் கேட்கிறவள்.

"மணி கேக்குதே?" என்பாள் குசினியிலிருந்து.

"கேக்குது."

"வெள்ளைச் சேட்டு அயன் பண்ணி வைச்சிருக்கிறன். போனுக்குச் சார்ஜ் காணுமே?"

"போன் என்னத்துக்கு?"

"அவசரத்துக்கு ஆரும் எடுப்பினம் எண்டுதான்."

இன்னொரு நாள் படலை வரைக்கும் வந்து சொன்னாள்: "மனுசன் வாழ்நாள் முழுக்கக் கடலிலை கிடந்து பாடுபட்டவர். பலகைப் பெட்டியிலை அனுப்பிப் போடாதேங்கோ. தேக்கை எடுக்கச் சொல்லுங்கோ."

"அது நல்ல விலையெல்லே?"

"செத்தவற்றை மகன் கனடாவிலை, உங்களுக்கென்ன?"

தேக்கு எடுத்தார்கள். கனிசியஸுக்கு நெஞ்சு இளகியது. இவ்வளவு இரக்கமான பெண்சாதியையா இத்தனை வருசமும் பிழையாக நினைத்தோம் என்று சைக்கிளில் வரும்போது யோசித்தார். அவளுக்கு இரண்டு தோடம்பழமும் வாங்கினார். அதைக் காசு கொடுத்துத்தான் வாங்கினார். கடையில் கியூ.ஆர். இல்லை.

வாகீசன் அவரைக் கண்டால் எழும்பிக் கதிரை போட்டார். பிளேன்ரீ வந்தது.

"ஐயான்ரை காலடி பட்டால் யாவாரம் நடக்குது," என்றார் வாகீசன்.

"அப்பிடிச் சொல்லாதையும், வாகீசன். மனம் சரியில்லை."

"உங்கடை பக்கம் இப்ப எப்பிடி?"

"எங்கடை மரண உதவிச் சங்கச் செயலாளர் பேதுருவுக்கு உயிர்த்த ஞாயிறு தொடக்கம் இருமல். மற்றும்படி எல்லாரும் சுகம்," என்றார் கனிசியஸ். சொன்னவிதம் அவருக்கே நல்லாகப் படவில்லை. பிளேன்ரீயை வைத்துவிட்டு எழும்பினார்.

புள்ளி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று வங்கிக்குள் போய்க் கேட்டிருக்கலாம். சிவகௌரி இருக்கிறாள். அதனால் மனக்கணக்குத்தான். மனக்கணக்கின்படி ரிக்கெற் வெகு கிட்டத்தில் வந்துவிட்டது. ஐஸ் பக்டரிக்குப் பின்னால் போய் அண்ணைக்குச் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம், அண்ணை. ஒரு ஆள் போச்சுதெண்டால் வந்திடுவன்."

"எந்த ஆளடா?"

"அது... ஒரு அலுவல், அண்ணை."

அந்த ஞாயிறு பூசை முடிய மரண உதவிச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. பழைய தலைவர் போன மாதம் காலமாகிவிட்டார். அவருடைய பெட்டியும் கனிசியஸின் போனில் கட்டியதுதான். பேதுரு இருமிக்கொண்டு எழும்பிப் புதிய தலைவருக்குப் பெயர் கேட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து பெர்னடெட் எழும்பினாள். படிப்பித்த குரல். ஒலிவாங்கி தேவைப்படவில்லை.

"மணி அடிச்சால் முதல் ஓடுறவர் ஆர்?"

"கனிசியஸ் அண்ணை!" என்றது மண்டபம்.

"காசைக் கையிலை வாங்கி, ஒரு சதம் பிசகாமல் கட்டுறவர் ஆர்?"

"கனிசியஸ் அண்ணை!"

கனிசியஸ் பதறி எழும்பினார். "எனக்கு வேண்டாம். உண்மையா வேண்டாம்."

"பாத்தியளே தாழ்மையை," என்றார் பேதுரு. கைதட்டல் விழுந்தது. ஒரு கிழவி கண்ணைத் துடைத்தாள்.

பிறகு பேதுரு சங்கத்தின் வழமையை நினைவுபடுத்தினார். தலைவராக இருக்கிறவர் ஊரை விட்டு இரவு தங்கப் போகக்கூடாது. மணி ஓய முதல் செத்தவீட்டு வாசலில் நிற்க வேண்டும். முந்தி ஒரு தலைவர் கொழும்புக்குப் போய்விட, ஒரு பிரேதம் பெட்டியில்லாமல் காத்துக் கிடந்ததாம். அன்றிலிருந்து இந்தக் கட்டுப்பாடு. ஒரு வருசத்துக்குத்தான்.

கனிசியஸ் வீட்டுக்கு வரும்போது கழுத்தில் கடதாசிப் பூமாலை இருந்தது. விறாந்தையில் பெரிய நீலப் பெட்டி ஒன்று திறந்தபடி கிடந்தது.

"ஆற்றை பெட்டி உது?" பழக்கதோசத்தில் குரல் தணிந்துதான் வந்தது.

"என்ரை. செத்தவீட்டுப் பெட்டியில்லை, பயப்பிடாதேங்கோ."

"எங்கை போறீர்?"

"திருச்சிக்கு. உங்கடை அண்ணையிட்டை."

கனிசியஸ் கதிரையைத் தேடி இருந்தார்.

"காசு?"

"காசில்லை. பொயின்ற்ஸ்."

"ஆற்றை பொயின்ற்ஸ்?"

"என்ரை காட்டின்ரை பொயின்ற்ஸ்."

"காட்டிலை என்ரை பேர் கிடக்கு! வெள்ளி எழுத்திலை!"

"பேர் உங்கடை. காட் என்ரை. பென்சன்காரருக்கெண்டு எனக்குத்தான் வங்கி பெரிய காட் தந்தது. விருப்பமெண்டால் புருசனுக்கும் ஒரு குட்டிக் காட் எடுக்கலாம் எண்டவை. பாவமெண்டு எடுத்தன். குட்டிக் காட்டுக்கு விழுகிறதெல்லாம் தாய்க் காட்டிலைதான் போய்ச் சேரும். சிவகௌரி அப்பவே வடிவா விளங்கப்படுத்தினவள்."

"அப்ப... நான் கட்டக் கட்ட..."

"நீங்கள் அங்கை பெட்டிக்குக் கட்டேக்கை என்ரை போன் இஞ்சை ரிங் எண்டும். நானும் ஒரு சிலுவை போட்டுக்கொள்ளுவன்."

தேக்கு. கனிசியஸுக்கு இப்போதுதான் தேக்கு விளங்கியது. வெள்ளைச் சேட்டு விளங்கியது. சார்ஜ் விளங்கியது. தோடம்பழத்துக்குக் கொடுத்த காசும் ஞாபகம் வந்தது.

"நான் எதுக்குச் சேர்த்தனான் எண்டு தெரியுமோ உமக்கு?"

"ஐஸ் பக்டரிக்குப் பின்னாலை நிண்டு கதைச்சால் காத்து எங்கடை வீட்டுப் பக்கம்தானே அடிக்கும்."

"தெரிஞ்சும் நீர் போறீரோ?"

"உங்களை விட்டால் என்ன செய்வியள்? அழுதிட்டு வெறுங்கையோடை வருவியள். போனது என்ரை சீதனம். நான் போய்க் கேட்டால்தான் முறை."

"என்னையும் கூட்டிக்கொண்டு போம், பெர்னா." அதை அவர் மிக மெல்லச் சொன்னார்.

"ஒரு ரிக்கெற்றுக்குத்தான் பொயின்ற்ஸ் கண்டது. அதோடை நீங்கள் இப்ப தலைவர். வெளிக்கிடேலாது."

"நீர்தானே என்னைத் தலைவர் ஆக்கினது!"

"ஓம்," என்றாள் பெர்னடெட், சேலையை மடித்து வைத்துக்கொண்டே. "பேந்து கோழிக்கு ஆர் தீன் போடுறது?"

அவள் போனாள். தலைக்கு மேலால் போன விமானத்தைக் கனிசியஸ் கோழிக்கூட்டடியில் நின்று பார்த்தார். அது அவருடைய விமானம். சம்மாட்டியும், பழைய தலைவரும், கடலில் பாடுபட்ட மனுசனும் சேர்ந்து தூக்கிவிட்ட விமானம். அது சின்னதாகி மறைந்தது. கோழிகள் தீனுக்குக் கத்தின.

மூன்றாம் நாள் போன் வந்தது. அண்ணை.

"தம்பி, பெர்னடெட் வந்திருக்கிறா."

"வள்ளத்தைக் கேட்டவவோ?"

"வாசல்லை நிண்டே கேட்டவ. அது வந்த வருசமே கரையிலை அடிபட்டு உடைஞ்சு போச்சு எண்டன். ஒரு பலகையும் மிஞ்சேல்லை எண்டன். அப்பிடியே குந்திப்போட்டா. கொஞ்சநேரம் அழுதவ. பேந்து எழும்பி எனக்கு மீன்குழம்பு வைச்சவ." அண்ணை ஒரு மூச்சு விட்டார். "நீ ஏன்ரா வரேல்லை?"

கனிசியஸ் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"உனக்கு நேரமில்லையாம். ஒரு செத்தவீடும் விடுறேல்லையாம். உன்ரை மனுசி சொன்னா."

"அண்ணை, அது அப்பிடியில்லை..."

"பரவாயில்லையடா. என்ரையதுக்கெண்டாலும் வந்திடு."

கனிசியஸ் சாரத்தின் தொங்கலால் முகத்தைத் துடைத்தார். போன் கைமாறியது.

"அழுறியளே?" பெர்னடெட். "அழுகையை நிப்பாட்டிப்போட்டுக் கேளுங்கோ. வள்ளம் இல்லை. வள்ளத்துக்குப் பதிலா ஆளைக் கொண்டு வாறதெண்டு முடிவெடுத்திட்டன்."

"என்ன?"

"இஞ்சை தனியக் கிடந்து கடைச் சோறு தின்னுறார். சுவரைத் தடவித் தடவி நடக்கிறார். ஊருக்குத் திரும்புற கடதாசியெல்லாம் முந்தியே முடிச்சு வைச்சிருக்கிறாராம். ரிக்கெற்றுக்குத்தான் வழியில்லாமல் இருந்தவராம். எங்கடை பின்னறையிலை இருக்கட்டும். என்ரை சீதனம், என்ரை கண்ணுக்கு முன்னாலை இருக்க வேணும்."

கனிசியஸ் எழும்பி நின்றார். பின்னறையின் யன்னலைப் பார்த்தார். அதில் ஒரு கதவு கழன்று கிடந்தது. இன்றைக்கே பொருத்திவிடலாம்.

"அப்ப ரண்டு பேரும் எப்ப வாறியள்?"

"நான் வெள்ளிக்கிழமை வந்திடுவன். அவருக்குப் பொயின்ற்ஸ் இன்னும் காணாது."

"எவ்வளவு காணாது?"

"தேக்கெண்டால் ஒண்டு காணும். பலகையெண்டால் ரண்டு மூண்டு வேணும். இஞ்சை கண் டொக்டர் ஒப்பரேசனைக் கெதியாச் செய்யச் சொல்லுறார், அதை அங்கை வந்து செய்விப்பம். நீங்கள் மணியைக் கவனமாக் கேளுங்கோ."

கனிசியஸ் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, போனைச் சார்ஜில் இருந்து கழற்றி, படலையடியில் வந்து நின்றார். கோயில் மணி தூக்கணாங்கூடு மாதிரிச் சும்மா தொங்கியது. அதைத் தனக்காக அடிக்கச் சொல்லி ஆண்டவரிடம் ஒருதரமும் அவர் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. சும்மா பார்த்தார்.

ஒழுங்கையால் பேதுரு சைக்கிளில் வந்தார். கனிசியஸ் காதைத் தீட்டினார். இருமல் சத்தம் வரவில்லை.

"என்ன பேதுரு, உடம்பு எப்பிடி?"

"நல்ல சுகம், தலைவரே! கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சன், விட்டிட்டுது. நீங்கள் தலைவராய் வந்த நாள் தொட்டு ஊரிலை ஒருத்தருக்கும் ஒரு வருத்தமும் இல்லை!"

"ஆண்டவருக்குத் தோத்திரம்," என்றார் கனிசியஸ், செத்தவீட்டுக் குரலில்.